மேட்டில் முந்துகிறவர்

நானும் கணவர் கோபிநாத்தும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து மறையூருக்கு சைக்கிளில் போகும்போது ஒரு வழக்கம் உண்டு. மேட்டில் முந்துகிறவர், முனியறை என்கிற பழங்காலக் கல்லறைகளின் அருகே மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டும். எப்போதும் காத்திருப்பவர் அவர்தான்.

இந்த ஞாயிறு நான் மூச்சு வாங்க ஏறியபோது அவர் அங்கே இல்லை. பக்கத்திலிருந்த டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து விழித்தார்.

"என்னம்மா, இப்பத்தான ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு எறங்குனீங்க?"

பெஞ்சில் இரண்டு தம்ளர்கள் இருந்தன. ஒன்றில், நான் வழக்கமாக விடுகிற அளவுக்கு டீ மிச்சமிருந்தது.

போன் செய்தேன். எடுத்தார். காற்று இரைந்தது.

"ஏனுங்க, உங்க பின்னாடி வர்றது நானில்லீங்க."



"தெரியும் மௌனிகா," என்றார். "இவ என்னைக் காக்க வெக்கறதில்ல."