பதினோராவது ஓட்டு

“பதினோரு பேர் நமக்குன்னு சொன்னாங்க. பத்துதான் விழுந்திருக்கு. யாரோ ஒருத்தர் நம்ம கழுத்தை அறுத்துட்டாங்கண்ணே!”

காஜா மைதீன் மேசையில் ஓங்கிக் குத்தியதில் தேநீர்க் கோப்பைகள் குலுங்கின. டாலா படகுத்துறைக்கு எதிரே இருந்த அந்தக் கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சிவநாதன் தன் கோப்பையைப் பிடித்து நிறுத்தினார். யாங்கூன் வட்டாரச் சட்டமன்றத்தில் டாலாவின் உறுப்பினர் அவர். வரும் தேர்தலிலும் கட்சி தன்னைத்தான் நிறுத்தும் என்று நிம்மதியாக இருந்தவர். திடீரென்று அதே கட்சியிலிருந்து பூர்ணா என்ற இளம் வக்கீல், ‘எனக்கும் சீட்டு வேண்டும்’ என்று கிளம்பிவிட்டாள். கமிட்டியின் இருபத்தொரு பேரும் ரகசியமாக ஓட்டுப் போட்டு, சற்று முன்புதான் முடிவைச் சொன்னார்கள். பூர்ணாவுக்குப் பதினொன்று. சிவநாதனுக்குப் பத்து.

“பழம் சாப்பிடு காஜா. வீட்ல நெறைய கெடக்கு” என்று, பையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து நகர்த்தினார் சிவநாதன்.

“சீட்டே போயிருச்சு, பழம் ஒண்ணுதான் கேடு!” என்றான் காஜா. ஆனாலும் ஒன்றை உரித்தான். கோபம் வந்தால் அவனுக்குப் பசியும் கூடவே வந்துவிடும்.

தோற்றதைவிடத் தன் கணக்குப் பொய்த்துப் போனதுதான் அவனுக்கு ஆறவில்லை. இந்த ஊரில் ஓட்டுக் கேட்பது லேசுப்பட்ட காரியமா? மூஞ்சிக்கு நேரே ‘மாட்டேன்’ என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வராது. பர்மியர்கள் அந்தக் கூச்சத்துக்கு ‘ஆனாடே’ என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்களோடு புழங்கிய தமிழர்களுக்கும் அது நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது. கேட்டவர் மனம் நோகக் கூடாதென்று எல்லோரும் எல்லோருக்கும் ‘சரி’ என்பார்கள். எது நிஜமான சரி, எது ஆனாடே சரி என்று முகத்தைப் பார்த்தே பிரித்துச் சொல்வதில் காஜா கில்லாடி. அப்படிச் சலித்து எடுத்த பதினோரு பேர்!

தட்டில் இருந்த சூரியகாந்தி விதைகளில் பதினொன்றை எடுத்து வரிசையாக வைத்தான்.

“இது நானு. இது நீலாம்பா அக்கா. கேட்டுட்டேன், மாரியம்மா மேல சத்தியம் பண்ணுச்சு.” இரண்டு விதைகளை ஓரம் தள்ளினான். இன்னும் சிலரைத் தள்ளினான். ஒரு விதையில் விரல் நின்றது. “நியாஸ்! டேய், இங்க வா!”

துறையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர்களுக்குத் தலைவன் நியாஸ். கமிட்டியிலும் இருப்பவன். தயங்கித் தயங்கி வந்தான்.

“அந்தப் பொண்ணு வீட்ல போய் மொஹிங்கா சாப்பிட்டியாமே?”

“சாப்பிட்டேன் காஜா பாய். வீடு தேடி வந்து கூப்புடுறப்ப போகாம இருந்தா ஆனாடே இல்லியா? ஆனா ஓட்டு அண்ணனுக்குத்தான் போட்டேன். எங்க சந்துக்குக் குழாத்தண்ணி கொண்டாந்த மனுசனுக்கு நான் துரோகம் பண்ணுவனா?”

நியாஸின் கண் கலங்கிவிட்டது. காஜா அவன் முகத்தை உற்று உற்றுப் பார்த்தான். பொய்யில்லை. அங்கேதான் குழப்பமே.

“அவனை விடு காஜா” என்றார் சிவநாதன். “ஆளாளுக்குக் கூப்பிட்டு மனசைப் புண்படுத்தாதே. நீ போ தம்பி, பழம் எடுத்துக்கிட்டுப் போ.”

நியாஸ் பழத்தோடு தப்பித்தான்.

“இதாண்ணே உங்ககிட்ட கொறை! எதிரியைக்கூட ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்க. வாய்க்கா மேல அந்தப் பாலம் பாதியில நிக்குதே, அதை இனி யாரு முடிப்பா?”

பாலம் என்றதும் சிவநாதனின் முகம் சுருங்கிப் போனது. “அதுதான் காஜா எனக்கும் தாங்கல. மழைக்காலத்துல புள்ளைங்க அந்தத் தண்ணியில எறங்கித்தான் பள்ளிக்கூடம் போகுதுங்க. அதை முடிச்சுட்டுத்தான் பதவிய விட்டு எறங்கணும்னு இருந்தேன்” என்றார்.

காஜா பல்லைக் கடித்துக்கொண்டு மிச்ச விதைகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளினான். பள்ளிவாசல் தெரு கபீர், பொய் சொல்ல மாட்டார். மீனம்மா டீச்சர், முந்தின நாளே அழுத்தமாகச் சொல்லிவிட்டார். பாலா, வைத்திலிங்கம், எல்லோர் முகமும் சுத்தம்.

கடைசியில் ஒரே ஒரு விதை மிஞ்சியது. காஜா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யார் விட்டுப்போனது என்று மறுபடி விரல்விட்டு எண்ணினான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

“எனக்குப் பைத்தியமே புடிச்சிருச்சுண்ணே. இது நீங்க!”

சிவநாதன் சிரிக்கவில்லை. ஆறிப்போன தேநீரில் படிந்திருந்த ஆடையைப் பார்த்தபடியே சொன்னார்.

“நேத்து அந்தப் பொண்ணு தேங்கா, பழத்தட்டோட நம்ம வீட்டுக்கு வந்துச்சு. கால்ல விழுந்து கும்பிட்டு, ‘உங்க ஓட்டும் எனக்கே வேணும் பெரியப்பா’ன்னு கேட்டுச்சு. மூஞ்சிக்கு நேரா எப்படி காஜா மாட்டேங்கிறது? சரின்னுட்டேன். சொன்னப்புறம் போடாம இருந்தா நல்லாருக்குமா?”