நீக்க வேண்டிய சத்தம்

“அந்த அலறலை இங்க ஒரு தடவை கத்திக் காட்டுங்கம்மா” என்றார் தணிக்கைக் குழுவின் தலைவர்.

டப்பிங் கலைஞரான அவள் எழுந்து நின்றாள்.

அந்த வீடியோ கேமில் ஒருவன் கத்தியோடு வீடு புகுவான். சமையலறை மூலையில் ஒண்டிக்கொள்ளும் பெண்ணுக்குக் குரல் கொடுத்தது அவள்தான்.

அந்த அலறலைக் கேட்பதற்காகவே பிள்ளைகள் கேமில் அந்தப் பெண்ணைத் திரும்பத் திரும்பக் குத்துகிறார்கள் என்று ஊரே கொதித்துப்போயிருந்தது. தெருவெல்லாம் பதாகைகள். டிவியைப் போட்டால் அதே பேச்சு.

கேமைச் செய்த கம்பெனிக்காரர்கள் சுலபமாகக் கழன்றுகொண்டார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்தது வெறும் ‘ஐயோ’தானாம். மற்றதெல்லாம் அந்த அம்மாவாகச் சேர்த்ததாம்.

ஜன்னல்கள் சாத்திய ஏசி அறை. வாசலில் காவலர். பக்கத்து நாற்காலியில் அவள் கணவன். அவளைத் தனியாக எங்கேயும் விடமாட்டான். கொடுத்துவைத்தவள் என்று வரவேற்பறைப் பெண்கூடச் சொல்லியிருந்தாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்.

முதலில் கெஞ்சல். பிறகு அலறல். கடைசியில், யாரோ வாயைப் பொத்தியதுபோல் சட்டென்று அடங்கிய ஒரு விக்கல்.

குழுவிலிருந்த பேராசிரியை காதைப் பொத்திக்கொண்டார். காவலர் தன்னையறியாமல் ஓரடி ஓடிவந்து, அசடு வழிய நின்றார்.

“அடேங்கப்பா, நிஜமாவே யாரோ அடிக்கிற மாதிரில்ல இருக்கு! இதை எங்கம்மா கத்துக்கிட்டீங்க?” என்றார் தலைவர்.

இப்படி ஒருவர் அவளிடம் கேட்டது இதுவே முதல் தடவை. எல்லா முகங்களும் அவளையே பார்த்தன. சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வாயைத் திறந்தாள்.

“வீட்லயேதாங்க பயிற்சி” என்று முந்திக்கொண்டான் கணவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் கை அவள் தோளில் விழுந்தது. அவள் உட்கார்ந்தாள்.

அரைமணி நேரத்தில் முடிவை வாசித்தார்கள். கேமை விற்கலாம், அலறலை மட்டும் வெட்டிவிட வேண்டும். குடும்பம் வாழும் எந்த வீட்டிலும் அப்படியொரு சத்தம் கேட்கக்கூடாது என்று தலைவர் உருக்கமாகச் சொன்னார். பலத்த கைதட்டல்.

காரில் ஏறியதும் கணவன் கதவுகளைப் பூட்டி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டான். வீட்டுத் தெருவில் திரும்பும்போது சொன்னான்.

“சொன்னாங்கல்ல? இனிமே சத்தம் வரக்கூடாது.”