வாசல் பாத்தி

“எல்லாத்தையும் கழுத்து வரைக்கும் புதைச்சாச்சுக்கா. தலை மட்டுந்தான் வெளியே தெரியுது” என்றான் தம்பி, மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தபடி.

“மெதுவாப் பேசுடா. வாட்ச்மேன் காதுல விழுந்தா கதை கந்தலாயிடும்.” அக்கா குனிந்து, ஒரு குரோட்டன்ஸ் செடியின் அடியில் எட்டிப் பார்த்த தொட்டி விளிம்பை மண் தள்ளி மூடினாள்.

அந்த அரசு அலுவலகத்தின் தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தம் அவளுடையது. புல் வெட்டுவது, வேலிச் செடியைக் கத்தரிப்பது, வாசல் பாத்தியைப் பளிச்சென்று வைத்திருப்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஒப்பந்தத்தை அடுத்த வருஷத்துக்கும் நீட்டிக்கலாமா என்று பார்க்க, தலைமை அலுவலகத்திலிருந்து தோட்டப் பிரிவு அதிகாரி இன்று வருகிறார்.

நேரம் பார்த்துத்தான் தம்பி தன் மூளையைக் காட்டியிருந்தான். அதிகாரி வரும்போது செடிகள் தளதளவென்று நிற்கட்டுமே என்று உரத்தை இரண்டு மடங்கு அள்ளிப் போட, வாசல் பாத்தி முழுக்கத் தீய்ந்துபோனது. கருகியதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நர்சரிக்காரரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சித் தொட்டிச் செடிகளை இரவல் வாங்கி வந்து, தொட்டியோடு அப்படியே மண்ணுக்குள் இறக்கியிருந்தார்கள்.

அதற்கும் ஒரு கெடு. சாயங்காலம் அதே செடிகள் ஒரு ஹோட்டல் திறப்பு விழாவில் வாசலை அலங்கரித்தாக வேண்டும். பின்பக்கம் ஜெனரேட்டர் அறையருகே டெம்போவை நிறுத்திக்கொண்டு, நர்சரிக்காரர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, உங்க ஆபீசர் வருவாரா, மாட்டாரா?”

“இதோ வந்துட்டார்ண்ணே, கொஞ்சம் பொறுத்துக்குங்க” என்று அக்கா மறுபடியும் பொய் சொன்னாள்.

அவளுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கேட்டுக்கும் பாத்திக்குமாக நடந்தாள். மூடிய மண்ணையே திரும்பத் திரும்ப மூடினாள். இந்த இடம் கையை விட்டுப் போனால், தன்னை நம்பிக் களை எடுக்க வரும் பெண்களின் முகத்தில் எப்படி விழிப்பது? செடியைக் கருக்கியவள் என்று பேர் வாங்கிவிட்டால், வேறெந்த அலுவலகத்தில் அவளை உள்ளே விடுவார்கள்?

ஒருவழியாக ஜீப் வந்து நின்றது. அதிகாரி போனில் பேசியபடியே இறங்கினார், முகத்தில் ஈயாடவில்லை. “நாளைக்கேவா சார்? இல்ல சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல. ரெடியா இருக்கும் சார்” என்றபடி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாளைக்கே இவர் அறிக்கை மேலே போகப்போகிறது என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள்.

வெட்டிய புல்லை அவர் சட்டை செய்யவில்லை. வேலிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வாசல் பாத்திக்கு வந்து நின்றார்.

“செழிப்பா இருக்கே! எப்ப நட்டது?”

“அது ஆச்சுங்க சார்...” என்று அக்கா இழுத்தாள்.

“ஆறு மாசம்!” என்று தம்பி முந்திக்கொண்டான்.

“ஆறு மாசத்துச் செடியா? மண்ணு இப்பத்தான் கிளறின மாதிரி இருக்கு?”

“களை எடுத்தோம் சார். வெயில்ல நிக்காதீங்க, உள்ள ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து பேசலாம், வாங்க” என்று அக்கா அவசரமாக அழைத்தாள்.

அவர் நகர்வதாக இல்லை. கையிலிருந்த பேனாவால் ஒரு செடியின் அடியில் குத்தினார். ‘டக்’ என்றது. பக்கத்துச் செடியிலும் குத்தினார். அங்கேயும் ‘டக்’.

தம்பி மெல்ல அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

குட்டு வெளிப்பட்ட பிறகு மழுப்பி என்ன ஆகப்போகிறது? அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். “தப்புத்தான் சார். உரம் அதிகமாகி அத்தனையும் கருகிடுச்சு. புதுசா நட்டு வேர் பிடிக்கிற வரைக்கும் அவகாசம் கொடுங்க. இத்தனை வருஷமா இங்க ஒரு செடி வாடினதில்ல, யாரை வேணும்னாலும் கேளுங்க. எங்களை நம்பி வேலை பார்க்கிறவங்களுக்காகவாவது பாருங்க சார்.”

அதிகாரி பேனாவால் இன்னொரு தொட்டியைத் தட்டிப் பார்த்தார்.

“இது யாரோட செடி?”

“நர்சரிக்காரரோடது சார்.”

“ஆளு எங்க?”

தம்பியின் கை, அவனைக் கேட்காமலே பின்பக்கம் காட்டியது. அதிகாரி விறுவிறுவென்று கட்டடத்தைச் சுற்றி நடந்தார். அக்கா பின்னாலேயே ஓடினாள். டெம்போவில் எழுதியிருந்த போன் நம்பரை அவர் படம் பிடித்துக்கொண்டார். உதவி செய்ய வந்த மனிதரையும் சேர்த்து மாட்டிவிட்டோமே என்று அக்கா கூனிக்குறுகினாள்.

“சார், அவரை விட்டுடுங்க. கெஞ்சிக் கேட்டது நாங்கதான்.”

“எனக்கு எதுவும் தெரியாது சார்” என்று நர்சரிக்காரர் கும்பிட்டார். “செடியைக் கொடுத்தீங்கன்னா சாயங்காலம் ஹோட்டல்ல வெச்சுட்டு, என் பாட்டுக்குப் போயிடுவேன்.”

“ஹோட்டல்லேர்ந்து எப்ப எடுப்பீங்க?”

“விழா முடிஞ்சதும் எடுத்துடுவேன் சார். ஏன் சார்?”

அதிகாரி திரும்பி, ஜீப் டிரைவர் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அப்ப நேரா எங்க ஆபீஸுக்கு வந்துடுங்க. அங்கயும் எல்லாம் கருகித்தான் கிடக்கு, நாளைக்கு மேலதிகாரி பார்க்க வர்றார்.”