பூஜ்ஜியம் ஆகாத கட்டில்

"இந்த ஆளு பக்கத்துல மனுஷன் படுப்பானா? என் கட்டிலை மாத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது!" பதினான்காம் கட்டிலில் இருந்த முன்னாள் பஸ் டிரைவர் கத்தினார்.

"நல்லா மாத்துங்க. இவர் விடற குறட்டையில டம்ளர்ல கிடக்கற என் பல்செட்டு ஆடுது" என்றார் பதினைந்தாம் கட்டில் தையல்காரர்.

"நீ மட்டும் என்னவாம்? பொழுதுக்கும் போனைச் சார்ஜ் போட்டு நெஞ்சு மேல வெச்சுக்கறே. உன்னை எவன் கூப்பிடப் போறான்?"

முதியோர் இல்ல மேலாளர் இருவரையும் கண்டுகொள்ளவில்லை. மடிக்கணினியோடு நின்ற பெண்ணிடம் திரும்பினார். இல்லத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

"வாசல்ல வண்டி நிக்குதும்மா. நாலு மணிக்குள்ள இவங்க ரெண்டு பேரையும் ஏத்தணும். ஒருத்தருக்கு வடக்குல ஒரு இல்லம், இன்னொருத்தருக்குத் தெற்குல. உன் மெஷின் விட மாட்டேங்குது."

அவள் செய்திருந்த ஏற்பாடு எளிமையானது. ஒருவருக்குப் பொறுப்பேற்று யாராவது வரவேற்பறைத் திரையில் கைபேசி எண்ணைப் பதிந்தால், அவருடைய கோப்பில் ஒன்று கூடும். பொறுப்பாளர் விலகினால் ஒன்று குறையும். பூஜ்ஜியமானால் கோப்பு தானே மூடிக்கொள்ளும்; கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும்.

"டிரைவரோட மகன் போன மாசம் விலகிட்டான். தையல்காரரோட மருமகன் அதுக்கும் முந்தி. ஆனா ரெண்டுலயும் ஒண்ணு, ஒண்ணுன்னே நிக்குது. உன் புரோகிராம் கழிக்க மறந்திருக்கு. நீயே பூஜ்ஜியமாக்கிடு."

நடக்கக்கூடிய தவறுதான். ஒரே ஒரு தட்டு தட்டினால் போதும், அவள் பெயர் கெடாது. ஆனால் ஒருவர் ஏற்றிருக்கும் பொறுப்பை அவரைக் கேட்காமல் இன்னொருவர் விடுவிக்கக் கூடாது என்று அதில் விதி வைத்தவளும் அவளேதான்.

"யாரு பொறுப்பு எடுத்திருக்காங்கன்னு பாக்காம அழிக்க மாட்டேன் சார்."

"சீக்கிரம் பாரு."

திரை எத்தனை பேர் என்று மட்டுமே காட்டும்; யார் என்று காட்டாது. வடிவமைப்பில் அவள் விட்ட குறை அது. கோப்பின் உள்ளே இறங்கித் தேடினாள். வெளியே வண்டி ஹாரன் அடித்தது.

கட்டில்களில் சண்டை எப்போதோ நின்றிருந்தது. டிரைவர் போர்வையின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தார்.

"பதினாலாம் கட்டிலுக்கு ஒரு போன் நம்பர் இருக்கு சார். போன மாசம் பதிஞ்சது."

"சும்மா யாராவது விளையாடியிருப்பாங்க" என்றார் மேலாளர். பிறகு அவர் குரல் தணிந்தது. "எனக்கு மட்டும் ஆசையா? வெளிய நாப்பது பேர் காத்திருக்காங்கம்மா. அந்த நம்பர்ல யாராவது எடுத்து 'நான் பொறுப்பு'ன்னு சொல்லட்டும், வண்டியைத் திருப்பி அனுப்பிடறேன்."

கடவுளே, யாராவது எடுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே அவள் எண்களை அழுத்தினாள்.

மணி அடித்தது. மிக அருகில் அடித்தது.

தையல்காரர் நெஞ்சின் மேலிருந்த கைபேசியை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு காதில் வைத்தார்.

"ஆமாங்க, பதினாலாம் கட்டிலுக்கு நான் பொறுப்புங்க, என் கட்டிலுக்கு இந்தக் குறட்டைக்காரர் பொறுப்பு."