செய்தவர் இல்லாத வாக்கியம்

"'நாய் கோழியைக் கடித்தது.' இதை உங்க இஷில் மொழியில சொல்லுங்கக்கா," என்றாள் இர்மா.

"எங்க நாயா? அது கோழியைத் திரும்பிக்கூடப் பார்க்காதே!" என்றாள் ஹசிந்தா.

நிகோலாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "சும்மா உதாரணம், கொமாத்ரே! உங்க நாய் ஒண்ணும் வழக்குப் போடாது."

ஹசிந்தாவின் மகளுக்கு அவர் ஞானத்தகப்பன். அந்த உரிமையில் அவளைக் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரம் என்பதால் வழக்கம்போல ரொட்டியும் தன் தோட்டத்துத் தேனும் கொண்டுவந்திருந்தார். தலைநகரிலிருந்து இலக்கணம் எழுத வந்த இர்மாவை அந்த வீட்டுக்கு அழைத்து வந்ததும் அவர்தான்.

"தேன் பிரமாதம். தேன்பெட்டிங்களைப் பார்க்கலாமா?" என்றாள் இர்மா.

"வேணாம் டீச்சர். பழகாத ஆளைக் கண்டா தேனீங்க கொட்டித் தீர்த்துடும். கொமாத்ரேயையே நான் கிட்ட விட்டதில்ல."

இர்மா ஒலிப்பதிவுக் கருவியை நகர்த்தி வைத்தாள். "இப்ப செயப்பாட்டு வினை. நாயை விட்டுடுங்க. கோழி கடிபட்டதுன்னு மட்டும் சொல்லணும். செஞ்சது யாருன்னே வரக்கூடாது."

"அதுக்கென்ன, இந்த ஊரே அப்படித்தானே பேசுது," என்றாள் ஹசிந்தா. "போர்க்காலத்துல என் புருஷன் கஸ்பார் கொல்லப்பட்டாரு. புதைக்கப்பட்டாரு. யாரு, எங்கேன்னு ஒருத்தரும் வாயைத் திறக்கல. எலும்பைத் தோண்டி எடுத்துக் கொடுக்கிறவங்க நாளைக்கு ஊரை விட்டுக் கிளம்புறாங்க. இடம் தெரிஞ்சாத்தானே காட்ட முடியும்? ஒரு மெழுகுவத்தி ஏத்தக்கூட எனக்கு இடம் இல்ல."

"உங்களோட நான் ஏறித் தேடாத மலையா, கொமாத்ரே?" என்றார் நிகோலாஸ். ரொட்டியைத் தேனில் தோய்த்து அவள் கையில் கொடுத்தார். "நீங்க சாப்பிடுங்க. மீதி வாக்கியத்தை நான் சொல்றேன்."

இர்மா அவர் பக்கம் திரும்பினாள். "யோசிக்கவே கூடாது. யோசிச்சா பேச்சு செயற்கையாயிடும். நான் கேட்கக் கேட்க டக்குடக்குனு சொல்லணும். வெட்டு?"

"மரம் வெட்டப்பட்டது."

"எங்கே?"

"ஆத்தோரம்."

"நடு?"

"சோளம் நடப்பட்டது."

"எங்கே?"

"சரிவுல."

"புதை?"

"கஸ்பார் புதைக்கப்பட்டான்."

"எங்கே?"

"தேன்பெட்டிக்கு அடியில."

ஹசிந்தாவின் வாயில் ரொட்டி அப்படியே நின்றது.