குளம் காட்டிய முகம்

ஒரு காட்டில் கீரி ஒருத்தி இருந்தாள். பக்கத்து வளையில் இருந்த முள்ளம்பன்றியைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அவன் சிரித்தால் ஏதோ திட்டம் என்பாள். சும்மா இருந்தால் அதைவிடப் பெரிய திட்டம் என்பாள்.

ஒருநாள் காலையில் அவள் குட்டி மருதனைக் காணவில்லை. நேரே முள்ளம்பன்றியின் வளைவாசலில் போய் நின்றாள்.

"என் பிள்ளையை என்ன செய்தாய்?"

"ஐயோ, ஒன்றும் செய்யவில்லை அக்கா. குளத்துப் பக்கம் போனான். வாருங்கள், சேர்ந்தே தேடலாம்."

'தண்ணீரில் தள்ளிவிடப் பார்க்கிறான்' என்று நினைத்தவள், அவனை முன்னால் நடக்கவிட்டுப் பத்தடி பின்னாலேயே போனாள்.

குளம் அசையாமல் கிடந்தது. முள்ளம்பன்றி கரையோரத் தாழம்புதருக்குள் நுழைந்தான். உள்ளே குசுகுசுவென்று பேச்சு கேட்டது. கீரிக்குச் சந்தேகம் தலைக்கேறியது.

அவன் வெளியே வந்தான். "பையன் உள்ளேதான் இருக்கிறான் அக்கா. என்னோடு விளையாடியதற்கு நேற்று திட்டினீர்களாமே? அம்மா முகம் இன்னும் அப்படியேதான் இருக்கிறதா என்று கேட்கிறான்."

"என் முகத்துக்கு என்ன?" என்று சீறினாள்.

அவன் தண்ணீரைக் காட்டிவிட்டு விலகி நின்றான். அவள் குளத்தை எட்டிப் பார்த்தாள். பல்லெல்லாம் தெரிய, மயிர் சிலிர்க்க, ஒரு முகம் அவளையே முறைத்தது. தண்ணீருக்கு அவள்மேல் என்ன பகை? அதைச் சந்தேகப்பட அவளால் முடியவில்லை.

தலையை முழுதாக நீருக்குள் அமிழ்த்தி எடுத்தாள். அலை அடங்கும்வரை காத்திருந்து மறுபடியும் பார்த்தாள். பிறகு முள்ளம்பன்றியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, இப்போது கூப்பிட்டால் வருவானா?"

புதருக்குள்ளிருந்து முதலில் ஒரு மூக்கு மட்டும் எட்டிப் பார்த்தது.