பேரை மட்டும்

மண்டபத்துக்குள் மாணவர்கள் கதிரைகளை இழுத்துப் போடும் சத்தம். அவள் வெளியே நடைவழியில், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

முல்லைத்தீவிலிருந்து தம்பி.

"அக்கா, ரெண்டு பேர் வீட்டை வந்தவை. சிவில் உடுப்பில, சி.ஐ.டி. போல. உன்னைப் பற்றித்தான்."

"என்ன கேட்டவை?"

"ஒண்டும் பெரிசாக் கேக்கேல்லை. ஒரு படம் காட்டினவை. நீ நீலச் சுவெற்றரோட இருக்கிறாய். பக்கத்தில ஒரு வெள்ளைக்கார மனுசி. அங்கால ஒரு ஆபிரிக்க ஐயா. தேத்தண்ணி குடிக்கிறியள்."

அவள் சுவரில் சாய்ந்தாள்.

"என்ர பிள்ளை ரியூசனுக்கு எந்த றோட்டால போறவள் எண்டு அவையே எனக்குச் சொல்லிச்சினம். சிரிச்சுக்கொண்டு."

தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"நீ கதை அக்கா. கதைக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. அந்தப் பேரை மட்டும் சொல்லாதை."

வைத்துவிட்டான்.

நீலச் சுவெற்றர் அவளுடையதல்ல. எமினா வீட்டில் ஹீற்றர் பழுதான அன்று இரவல் வாங்கிப் போட்டது. அன்றைக்கு மட்டும்.

எமினா பொஸ்னியாக்காரி. புருசனையும் அண்ணன்மாரையும் ஒரே கிழமையில் பறிகொடுத்தவள். அலோய்ஸ் ருவாண்டாவில் ஒரு தேவாலயத்துக்குள், செத்தவர்களுக்கு அடியில் கிடந்து உயிர் தப்பியவர். ரொறன்ரோவின் பள்ளிக்கூடங்களுக்கு அவர்கள் எப்போதும் சேர்ந்தே போவார்கள். ஒருவர் மேடையில் சொல்ல, மற்றவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். சொல்கிறவர் தடுமாறினால் பார்ப்பதற்குத் தெரிந்த முகம் வேண்டும்.

அன்று எமினா வீட்டில், இன்றைய பேச்சுக்கு ஒத்திகை.

இருந்தது நாலு பேர்.

படத்தில் மூன்று பேர்.

"வதனி, கூப்பிடுகினம்."

குகநேசன் அண்ணை. நாலாவது ஆள். அவள் தமிழில் சொல்வதை மேடையில் ஆங்கிலமாக்குகிறவர். எந்தப் பனியிலும் காரைக் கொண்டுவந்து ஏற்றிப் போகிறவர். அவளைப் போலவே, போரின் கடைசி நாளில் முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து கடைசியாக வெளியே வந்தவர்களில் ஒருவர்.

அவள் அவரைப் பார்த்தாள்.

பார்த்ததே போதுமாயிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே நின்றார்.

"எனக்கும் அங்கை அம்மா இருக்கிறா, தங்கச்சி."

கதவு திறந்தது. உள்ளே கைதட்டினார்கள்.

மேடையில் ஒரு மைக்தான். தோளோடு தோள் நிற்க வேண்டியிருந்தது.

அவள் தொடங்கினாள். பாலத்தடி. கம்பில் கட்டிய வெள்ளைத் துணி. சரணடைந்தவர்களோடு புருசனும் மூத்தவனும் ஏறிய பஸ். அவள் ஒரு வசனம் சொல்ல, அவர் ஒரு வசனம் சொன்னார்.

பஸ் வாசலில் நின்ற இராணுவ அதிகாரிக்குத் தமிழ் தெரியும். பயப்பட வேண்டாம் அம்மா என்றான். எந்த முகாமில் கேட்டாலும் என் பெயரைச் சொல்லுங்கள் என்று பெயரையும் சொன்னான்.

அவள் முகாம் முகாமாகப் போய்ச் சொன்னாள். அப்படி ஒருவர் இல்லையே என்றார்கள். பிறகு ஒருநாள் பத்திரிகையில் அவனுடைய படம் வந்தது. கழுத்தில் மாலை. பெரிய பதவி.

இந்த இடத்தில் நிறுத்தினாள்.

தம்பியின் மகளை அவள் நேரில் கண்டதில்லை. போனில் பாட்டுப் பாடிக் காட்டுவாள்.

பெயரை விட்டுவிட்டும் சொல்லலாம். கதை ஒன்றும் குறைந்துவிடாது. பிள்ளைகளுக்கு விளங்கும்.

மூத்தவன் பஸ்ஸின் யன்னலால் எட்டிப் பார்த்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. அம்மா, பேரை மறந்துபோடாதேங்கோ.

சொல்லிவிட்டாள்.

பெயருக்கு மொழிபெயர்ப்பு இல்லை. எந்தப் பாஷையிலும் அது அதுவாகத்தான் வரும். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் வருகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அவர் பேசினார். வழக்கத்தைவிட நீளமாக. அவள் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

வரவில்லை.

ஆசிரியை கண்ணைத் துடைத்தாள். பிள்ளைகள் அசையாமல் இருந்தார்கள். அவர் நன்றாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அவள் முன்வரிசையைப் பார்த்தாள்.

எமினா நெற்றியைச் சுருக்கினாள். ஒத்திகையின்போது அந்தப் பெயர் தன் வாயில் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தவள் அவள். குகநேசன் மறந்துவிட்டார் என்றுதான் நினைத்திருப்பாள். தம்பியின் போன் அவளுக்குத் தெரியாது.

எமினா எழுந்தாள்.

சத்தமாகச் சொன்னாள். முதல் பெயர், பிறகு குடும்பப் பெயர்.

அலோய்ஸும் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவரும் சொன்னார், பூசையில் பதில் சொல்வதுபோல.

பின்வரிசையில் ஒரு பிள்ளை போனைத் தூக்கியது. பிறகு இன்னொன்று. பிறகு மண்டபம் முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சங்கள்.

குகநேசன் மைக்கைக் கையால் பொத்தினார். உதடு வெளுத்திருந்தது.

"முடிஞ்சுது, தங்கச்சி."

அவள் அந்தக் கையை எடுத்துவிட்டாள். விடவில்லை, பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் இருக்கு அண்ணை."

அடுத்த வசனத்தைச் சொன்னாள்.

அவர் வாய் திறக்கும்வரை காத்திருந்தாள்.